சேர்ந்தவர் கணக்கு இருக்கிறது, முடித்தவர் கணக்கு எங்கே?

தமிழ்நாட்டில் உயர்கல்வி பற்றிய எந்தப் பேச்சும் 47 என்ற எண்ணைத் தொடாமல் முடிவதில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி, 18 முதல் 23 வயது வரையுள்ள மக்கள்தொகைக்கு உயர்கல்வியில் சேர்ந்திருப்போரின் விகிதம் இங்கே 47 சதவீதம். இந்திய சராசரி 28.4. தேசியக் கல்விக் கொள்கை 2035ஆம் ஆண்டுக்கு வைத்திருக்கும் இலக்கே 50 சதவீதம்தான். பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. முதலாண்டில் சேர்ந்து, பொங்கலுக்கு ஊருக்குப் போய், அங்கேயே செல்போன் கடையில் வேலைக்கு நின்றுவிட்ட பையனும் அந்த ஆண்டின் கணக்கில் இருக்கிறான். ஆறு அரியரோடு மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டுப் பட்டம் வாங்காமல் வீட்டில் இருக்கும் பெண்ணும் மூன்று ஆண்டும் அதே கணக்கில் இருந்தவள்தான்.

ஆண்டுதோறும் எத்தனை பேர் தேர்ச்சி பெற்று வெளியேறினார்கள் என்று கல்லூரிகளிடம் அந்தக் கணக்கெடுப்பு கேட்டு வாங்குகிறது. ஆனால் ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்து, அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்று பார்ப்பதில்லை. என்ஐஆர்எஃப் தரவரிசை உரிய காலத்தில் முடித்தோருக்கு மதிப்பெண் தருகிறது. அது கல்லூரிகள் தாங்களே கொடுக்கும் விவரம். அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர், தமிழ்வழியில் படித்தவர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர் என்ற பிரிப்பை அதில் தேடிப் பயனில்லை.

சேர்க்கை நாளில் மட்டும் நாம் எவ்வளவு நுணுக்கமாக எண்ணுகிறோம்! பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் மதிப்பெண் தசமப் புள்ளிக்குப் பின்னும் நீள்கிறது. இருவர் சமமாக வந்தால் பாடவாரி மதிப்பெண், பிறந்த தேதி, அதற்கும் பிறகு ரேண்டம் எண். பொதுப் பட்டியலில் ஓர் இடம், இனவாரிப் பட்டியலில் ஓர் இடம். இவ்வளவு துல்லியமும் நான்கு வருடம் கழித்துக் காணாமல் போய்விடுகிறது.

இதற்கு வரலாறு ஒரு காரணம். கல்லூரி இடம் இங்கே போராடிப் பெற்ற ஒன்று. செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது எழுந்த கிளர்ச்சி, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு வழிவிட்டது. 69 சதவீத இடஒதுக்கீடு 1994இல் ஒன்பதாவது அட்டவணையில் போய்ச் சேர்ந்தது. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 2009இல் அருந்ததியர் உள்ஒதுக்கீடு, 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை, 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் என்று அது தொடர்ந்தது. ஆட்சி மாறியபோதும் இந்த வரிசை அறுபடவில்லை. வேறு எந்த மாநிலமும் இப்படியொரு வரிசையைக் காட்டிவிட முடியுமா என்பது சந்தேகமே.

அந்த வரிசையில் உள்ளவை பெரும்பாலும் உள்ளே நுழைவது பற்றியவை. விடுதியும் உதவித்தொகையும் பழையவைதான் என்றாலும், நுழைந்தவரை நிறுத்திவைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு பெரிய அளவில் வந்தது 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் வந்தது. படிக்கும் காலம் முழுக்க மாதம் ஆயிரம் ரூபாய், நேராக வங்கிக் கணக்குக்கு. இதை இலவசம் என்று கேலி செய்கிறவர்கள், ஆயிரம் ரூபாய்க்காகப் படிப்பை விட்ட ஒருவரையும் நேரில் அறியாதவர்கள்.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரிகளுக்குள் போன முதல் அணி 2021இல் சேர்ந்தது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. அந்த அணிக்கு 2025 மே மாதத்தோடு நான்கு வருடம் முடிந்துவிட்டது. அவர்களில் எத்தனை பேர் கையில் இன்று பட்டம் இருக்கிறது? எத்தனை பேர் முதலாண்டிலேயே விலகினார்கள்? எந்தக் கல்லூரியில் தலையெடுத்தார்கள், எந்தக் கல்லூரியில் தேங்கினார்கள்? சட்டம் போட்டதும் பணம் கட்டியதும் அரசு. பதில் சொல்ல வேண்டியதும் அதுதான்.

எங்கே தேங்குகிறார்கள் என்பது கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரியும். முதல் பருவத்துக் கணிதத் தாள். மாணவர்கள் மொழியில் ‘எம் ஒன்’. அதில் விழுந்தவர் அடுத்த பருவத்தில் எம் டூவோடு எம் ஒன்னையும் சேர்த்துச் சுமப்பார். மின்சுற்றுகள் பாடம் வரும்போது அதற்கு வேண்டிய கணிதம் கையில் இருக்காது. ஓர் அரியர் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வரும். நான்காண்டுப் படிப்பை முடிக்க அண்ணா பல்கலைக்கழகத்தின் விதி ஏழாண்டு தருகிறது. அதையும் தாண்டியவர்களுக்காகப் பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி அறிவித்தபோது, 2001-02 காலத்து மாணவர்கள்கூட 5,000 ரூபாய் கூடுதல் கட்டணம் கட்டி எழுதலாம் என்றார்கள். இருபது வருடம் கழித்து, தம் பிள்ளை பத்தாவது படிக்கும் வயதில், ஒருவர் எம் ஒன் எழுத உட்காருகிறார் என்றால் அந்தப் பட்டம் அவர் மனத்தை விட்டு ஒருநாளும் இறங்கவில்லை என்று அர்த்தம்.

நம் சினிமாவில் அரியர் ஒரு நகைச்சுவைச் சரக்கு. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தவர்களின் அரியர் தேர்வுகளை ரத்து செய்து தேர்ச்சி தருவதாக அன்றைய அரசு அறிவித்ததும் முதல்வரை வாழ்த்திச் சுவரொட்டிகள் முளைத்தன. இணையம் முழுக்க மீம்ஸ். ஏஐசிடிஇ எதிர்த்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, தேர்வு நடத்தாமல் தேர்ச்சி தருவதை ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி அதுதான் சரி. ஆனால் அந்தச் சிரிப்பிலும் சச்சரவிலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டோம். லட்சக்கணக்கானவர்கள் அரியர் வைத்திருக்கும் ஒரு அமைப்பில் தோற்றது யார்? வகுப்பில் ஐந்து பேர் விழுந்தால் அந்த ஐந்து பேரிடம் பேச வேண்டும். பாதி வகுப்பு விழுந்தால் பேச வேண்டியது துறைத் தலைவரிடம்.

முதல் பருவத்தில் என்ன நடக்கிறது என்பதை அந்த வகுப்பில் பாடம் எடுத்தவர்கள் அறிவார்கள். அணி, வகைக்கெழு, தொகையீடு என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் கணக்குப் போட்டவர், ஒரே கோடை விடுமுறைக்குப் பிறகு அதே கணக்கை ஆங்கிலத்தில் சந்திக்கிறார். கணக்கு தெரியும், கேள்வி புரியவில்லை. கையைத் தூக்கிக் கேட்கக் கூச்சம்; தப்பான ஆங்கிலத்தில் கேட்டால் பின்வரிசை சிரிக்கும். அக்டோபருக்குள் அவர் கேட்பதை நிறுத்திவிடுகிறார். நவம்பரில் தேர்வு. சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழிலேயே படிக்கலாம் என்று 2010-11இல் ஏற்பாடு வந்தது, நல்ல முயற்சி. வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் என்ன நினைக்குமோ என்ற பயத்தில் சேருவோர் குறைந்தார்கள். 2023இல் சில உறுப்புக் கல்லூரிகளில் அதை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். நிறுத்துவதா வேண்டாமா என்று சண்டை போட்ட அளவுக்கு, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு மாணவரை எப்படி நடத்திக்கொண்டு போவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. புதுமுக மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி வேண்டும் என்று ஏஐசிடிஇ சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நடைமுறையில் அது பல இடங்களில் குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை என்று சுருங்கிவிட்டது.

‘அடித்தளம் சரியில்லை, வீட்டில் படிக்கிற சூழல் இல்லை, ஆர்வமும் இல்லை’ என்று ஆசிரியர் ஓய்வறைகளில் சொல்லப்படும் காரணங்களை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆசிரியர்களும் 1970களில் சொன்னார்கள். அங்கே கால்குலஸ் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் தொடர்ந்து தோற்றார்கள். யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆராய்ச்சி மாணவருக்கு அந்தக் காரணங்களில் திருப்தி இல்லை. இருபது கறுப்பின மாணவர்களையும் நன்றாகத் தேறிவந்த இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் எங்கே, எப்படி, யாரோடு படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். ஓய்வறைக் காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கறுப்பின மாணவர்களுக்கு ஆர்வம் இருந்தது, பெற்றோரின் ஆதரவு இருந்தது. பள்ளியில் முதலிடம் பெற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் தனியே படித்தார்கள். சீன மாணவர்கள் வகுப்பு முடிந்ததும் கூடி உட்கார்ந்து, ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்த்து, சேர்ந்து சாப்பிட்டு, எந்தப் பேராசிரியர் எப்படிக் கேள்வி கேட்பார் என்பதுவரை பேசிக்கொண்டார்கள்.

டிரைஸ்மன் அடுத்துச் செய்ததுதான் நாம் பார்க்க வேண்டியது. பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று அவர் பலகை மாட்டவில்லை. சிறந்த மாணவர்களுக்கான பட்டறை என்று அழைத்து, பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து போட வைத்தார். தோற்றுக்கொண்டிருந்த பிரிவிலிருந்து வந்தவர்கள் வகுப்பின் முன்வரிசைக்கு வந்தார்கள். அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் பிறகு அந்த முறையை எடுத்துக்கொண்டன. நம் கல்லூரிகளில் மாலை நான்கு மணிக்கு நடக்கும் ‘ரெமிடியல்’ வகுப்பு இதற்கு நேர் எதிரானது. யார் யார் மந்தம் என்று ஊருக்கே அறிவிக்கும் பட்டியல் அது. அந்தப் பட்டியலில் பெயர் வந்த பிறகு எந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை மகிழ்ச்சியோடு வகுப்புக்கு வரும்?

பாடம் ஒரு பாதி என்றால் பணம் மறுபாதி. கட்டணத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கட்டணம் இல்லாத அரசுக் கல்லூரி மாணவர் எதைக் கொண்டு சாப்பிடுகிறார் என்று பேசுவதில்லை. முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் பரிமாறும் பையன்களின் முகத்தைப் பாருங்கள். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். ராத்திரி இரண்டு மணிவரை கேட்டரிங் வேலை, காலையில் முதல் ஷிப்ட் கல்லூரி. தூங்கிவிட்டால் வருகைப்பதிவு குறையும். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பல இடங்களில் ‘கண்டோனேஷன்’ கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட். சாப்பாட்டுக்காக வேலைக்குப் போனதற்கு அபராதம், அதைக் கட்ட இன்னும் இரண்டு ராத்திரி வேலை. இந்தச் சுழலை எழுதி வைத்தவர் யாரும் கெட்டவர் இல்லை. எல்லா விதியும் தனித்தனியே நியாயமாகத்தான் இருக்கிறது.

1956இல் மதிய உணவு, 2022இல் காலை உணவு என்று, பசியோடு பிள்ளை படிக்காது என்பதைப் பள்ளியில் முதலில் புரிந்துகொண்ட மாநிலம் இது. பதினெட்டு வயது ஆனதும் பசிக்காது என்று நினைத்துவிட்டோம்போல. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023இல்தான் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. கணக்குப் போட்டால் நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து.

தொகை சிறிதாக இருக்கும்போதுதான் அநியாயம் பெரிதாகத் தெரிகிறது. 2024இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தலித் தினக்கூலித் தொழிலாளியின் மகனுக்கு தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைத் திரட்டி முடிப்பதற்குள் கெடு நேரம் கடந்துவிட்டது; இடம் போய்விட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவையும் தட்டிப் பார்த்தார். கடைசியில் உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்கச் சொன்னது. 17,500 ரூபாய்க்காக நாட்டின் தலைமை நீதிபதி வரை போக வேண்டியிருந்தது. அப்படிப் போகத் தெரியாதவர்கள் எத்தனை பேர்?

அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இந்தச் சிறிய தொகையைத்தான் பிடித்தது. அங்கே 2003இல் பட்டம் முடிப்போர் விகிதம் மூன்றில் ஒரு பங்குதான். சில நூறு டாலர் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படும் மாணவர்களை அவர்கள் தேடிப்பிடித்து, விண்ணப்பம்கூடக் கேட்காமல், 2011 முதல் அந்தப் பாக்கியைத் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு, மாணவர் சறுக்குவதற்கான அறிகுறிகளைக் கணினி வழியே அன்றாடம் கவனித்து, அறிகுறி தெரிந்ததும் ஆலோசகர் கூப்பிட்டுப் பேசும் முறை வந்தது. பட்டம் முடிப்போர் விகிதம் 54 சதவீதத்துக்கு உயர்ந்தது. அதைவிட முக்கியமானது, கறுப்பின மாணவர்களும் ஏழை மாணவர்களும் மற்றவர்களுக்குச் சமமாக முடிக்கத் தொடங்கினார்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ‘அசாப்’ திட்டத்தின் கதையும் அப்படித்தான். முழுநேரப் படிப்பு, இலவசப் பாடப்புத்தகம், மாதாந்திரப் போக்குவரத்து அட்டை, அறுபது எழுபது மாணவருக்கு ஓர் ஆலோசகர். ஆலோசகரைத் தவறாமல் பார்த்தால்தான் போக்குவரத்து அட்டை. குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்துச் சோதித்தபோது, திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேரும் இல்லாதவர்களில் 22 சதவீதம் பேரும் மூன்றாண்டில் பட்டம் பெற்றிருந்தார்கள். ஒரு மாணவருக்கான செலவு கூடியது, ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தது. நம் நிதித்துறை அதிகாரிகள் கவனிக்க வேண்டிய வரி இது.

அமெரிக்காவைப் பார்த்து அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் திட்டத்தில் இருப்பவற்றில் பேருந்துச் சலுகையும் மாத உதவியும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது மாணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ‘ஏன் மூன்று நாளாக வரவில்லை’ என்று கேட்கும் ஆள். ‘மென்டர்’ முறை காகிதத்தில் உண்டு. தர மதிப்பீட்டுக்காக நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் அந்தக் கோப்புகள் ஒரே பேனாவில் நிரப்பப்படுவதைப் பார்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அதற்காக ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 25,000 ரூபாய், வருடத்தில் பதினொரு மாதம். அவர்களுக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019இல் சொன்னது. நான்காயிரம் உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கான அறிவிப்பு 2024 மார்ச்சில் வந்த பிறகும் தேர்வு தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு இதே கல்லூரியில் இருப்போமா என்று தெரியாத ஒருவரிடம், இந்த மாணவரை மூன்று வருடம் கைப்பிடித்துக் கூட்டிப்போ என்று சொல்லும் தைரியம் நமக்கு எங்கிருந்து வருகிறது?

ஒன்றிய அரசின் நிறுவனங்கள் இதில் நம்மைவிட மேல் என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்ட பிறகுதான், முந்தைய ஐந்தாண்டில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து 13,600க்கும் மேற்பட்ட பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் வெளியேறியது தெரிந்தது. வேறு படிப்புக்கோ வேறு கல்லூரிக்கோ மாறிப் போவதும் உண்டு என்று அரசு விளக்கம் சொன்னது. இருக்கலாம். எத்தனை பேர் மாறினார்கள், எத்தனை பேர் படிப்பையே விட்டார்கள் என்று பிரித்துச் சொன்னால்தானே நம்ப முடியும்? எய்ம்ஸில் பட்டியலின மாணவர்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் சந்தித்த பாகுபாட்டைத் தோரட் குழு 2007இலேயே எழுதி வைத்தது. எல்லா வெளியேற்றத்துக்கும் கணக்குப் பாடமும் பணமும் மட்டும் காரணம் ஆகாது. விடுதி உணவு மேசையில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

முடித்தவர் கணக்கைக் கேட்கத் தொடங்கினால் கல்லூரிகள் எல்லோரையும் பாஸ் போட்டுவிடும் என்று ஒரு மறுப்பு வரும். அதை நான் ஒதுக்கவில்லை. இணைப்புக் கல்லூரிகளில் தேர்வு பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதால் அங்கே அது சுலபமில்லை. தன்னாட்சிக் கல்லூரிகளில் கேள்வித்தாளும் விடைத்தாளும் ஒரே கையில் இருக்கின்றன, அங்கே ஆபத்து நிஜம். ஆகவே இறுதிப் பட்டத்தோடு முதலாண்டுத் தாள்களின் தேர்ச்சியையும் பாடவாரியாக வெளியிட வேண்டும். திடீரென்று ஒரு துறை நூற்றுக்கு நூறு காட்டினால் கண்ணில் படும். இன்னொரு மறுப்பு, எல்லோருக்கும் எதற்குப் பட்டம் என்பது. அப்படிக் கேட்பவர்கள் தங்கள் பிள்ளையை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று விசாரித்தால் போதும். தேசியக் கல்விக் கொள்கை இதற்குத் தன் வழியில் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஓராண்டில் விலகினால் சான்றிதழ், ஈராண்டில் விலகினால் பட்டயம். வசதியுள்ள பிள்ளைக்கு அது ஒரு தேர்வு. இல்லாத பிள்ளைக்கு, நீ போகலாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவது.

கணக்கெடுக்கப் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கல்லூரியில் சேராதவர்களை அதை வைத்துத் தேடிப்பிடித்து ‘உயர்வுக்குப் படி’ முகாம்களில் சேர்த்துவிடுகிறார்கள். ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் அழைக்கிறார்கள். கல்லூரி வாசல்வரை இவ்வளவு அக்கறை. வாசலுக்கு உள்ளே, கல்லூரி மாணவர்களின் விவரங்களை வைத்திருக்கும் யுமிஸ் இருக்கிறது. புதுமைப்பெண் பணமும் உதவித்தொகையும் அதன் வழியேதான் போகின்றன. யார் பணம் பெறத் தகுதியானவர் என்று பார்க்க உதவும் அதே பதிவேடு, யார் இரண்டாம் ஆண்டுக்கு வரவில்லை என்பதையும் சொல்லும். கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்ட விவரத்தை வைத்துக் கல்லூரிகளைத் தரம் பிரித்து அவமானப்படுத்தினால் அடுத்த வருடமே பொய்யான எண்கள் வந்துவிடும். பின்தங்கிய மாவட்டத்தில், பெரும்பாலும் முதல் தலைமுறை மாணவர்களையே வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி பாதிப் பேரைக் கரையேற்றினால், சென்னையின் பெயர்பெற்ற கல்லூரி தொண்ணூறு சதவீதம் காட்டுவதைவிட அது பெரிய வேலை. அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

கணக்கு வந்த பிறகு செய்ய வேண்டியவற்றில் செலவு குறைந்தவையும் இருக்கின்றன. துறையின் மிக நல்ல ஆசிரியரை முதல் பருவத்துக்கு அனுப்பலாம். இப்போது அந்த வகுப்பு பெரும்பாலும் புதிதாக வந்தவர் தலையில்தான் விழுகிறது. எம் ஒன் தாளுக்கு வாரம் இரண்டு மணி நேரம், தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசலாம் என்ற அனுமதியோடு, குழுவாகக் கணக்குப் போடும் பட்டறையைப் பாட நேரத்துக்குள்ளேயே வைக்கலாம். கல்லூரி முதல்வர் கையில் ஒரு சிறிய அவசர நிதி கொடுத்து, தேர்வுக் கட்டணத்துக்கும் கண்டோனேஷனுக்கும் மூன்று நாளில் பணம் தரச் சொல்லலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018இல் போட்ட உத்தரவை மதிக்காத கல்லூரிகள் மீது ஒரு முறையாவது நடவடிக்கை எடுக்கலாம். சான்றிதழ் கைக்கு வந்தால் இடையில் நின்றவர் வேறு கல்லூரியிலாவது தொடர்வார். நிரந்தர ஆசிரியர் நியமனத்துக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது, அதற்குப் பணம் வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கையின்போது உயர்கல்வித் துறை கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வைக்கிறது. புதிய கட்டடங்கள், புதிய பாடப்பிரிவுகள், சேர்ந்தவர் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். அடுத்த குறிப்பில் இன்னொரு பக்கம் சேர்க்கட்டும்: 2021இல் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், மற்றவர்கள் எங்கே. அதற்கான விவரம் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் யாராவது ஒருவர் எழுந்து கேட்டால் போதும்.